புதிய இஞ்சி வகையை வீட்டு இஞ்சி பியரில் சோதித்துப் பார்க்கும் முறை

கிளிநொச்சியிலோ புதுக்குடியிருப்பிலோ மாங்குளத்திலோ சந்தைக்குப் போய் இஞ்சி கேட்டால் கிடைப்பது ஒரே இஞ்சி அன்று. இலங்கையில் பயிராகும் இஞ்சியை உள்ளூர் இஞ்சி, ரங்கூன் இஞ்சி, சீன இஞ்சி என மூன்றாக வகைப்படுத்துவது வழக்கம். உள்ளூர் இஞ்சியின் கிழங்கு சிறியது. நாரும் உறைப்பும் கூடியது. சீன இஞ்சி பருத்தது, நீர்ப்பிடிப்பானது, உறைப்புக் குறைந்தது. ரங்கூன் இஞ்சி இவற்றுக்கு இடைப்பட்டது. வன்னிக் கடைகளுக்கு வரும் இஞ்சியில் பெரும்பகுதி மழை கூடிய தென்பகுதி மாவட்டங்களில் விளைந்து லொறியேறி வருவதாகையால், எந்த மூட்டையில் எந்த வகை இருக்கிறது என்பதை வியாபாரியாலும் பல வேளைகளில் உறுதியாகச் சொல்ல முடிவதில்லை. வீட்டில் இஞ்சி பியர் தயாரிப்பவர்கள் புதிய கிழங்கொன்று கைக்கு வரும்போது அதை வழமையான அளவில் போட்டுக் காய்ச்சிவிட்டு, "இது சரியில்லை" என்றோ "இது நல்லது" என்றோ ஒரே நாளில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். அந்தத் தீர்ப்பு பெரும்பாலும் இஞ்சியைப் பற்றியதாக இருப்பதில்லை. அன்றைய தண்ணீரையும் தேசிக்காயையும் வெயிலையும் பற்றியதாகவே இருக்கிறது.

ஒரு புதிய இஞ்சியிடம் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. அதற்கு எவ்வளவு உறைப்பு இருக்கிறது என்பது முதலாவது. அதன் மணமும் சுவையும் எத்தகையவை என்பது இரண்டாவது. பழைய இஞ்சியையும் புதியதையும் ஒரே நிறையில் போட்டு ஒப்பிட்டால் முதற் கேள்விக்கு மட்டுமே விடை கிடைக்கும். ஏனெனில் உறைப்புக் கூடிய பானம் எப்போதும் மணத்திலும் மேலானது போலத் தோன்றி நாக்கை ஏமாற்றிவிடும். இரண்டையும் ஒரே உறைப்புக்குக் கொண்டுவந்த பிறகு ஒப்பிட்டால்தான் இரண்டாவது கேள்விக்கு நேர்மையான விடை கிடைக்கும். இந்த வழிகாட்டியில் சொல்லப்படும் படிமுறைகள் எல்லாம் இந்த ஒரு வேறுபாட்டைக் காப்பாற்றுவதற்காகவே அமைந்தவை.

மேற்கு நாடுகளில் வீட்டில் பியர் காய்ச்சுவோர், பியருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹொப்ஸ் என்னும் கொடிப்பூவில் புதிய வகை ஒன்று கிடைத்தால் இதே வழியைத்தான் பின்பற்றுகிறார்கள். ஒரே ஒரு மோல்ற் (முளைவிட்டு உலர்த்திய தானியம்), ஒரே ஒரு ஹொப்ஸ் என்று மற்ற எல்லாவற்றையும் குறைத்துச் சிறிய அளவில் காய்ச்சிப் பார்ப்பார்கள். ஹொப்ஸை நெடுநேரம் கொதிக்க வைத்தால் கசப்பு நீரில் இறங்கும். மணம் தரும் எண்ணெய்கள் ஆவியாகிவிடும். ஆகவே கசப்புக்கு ஒரு பங்கைத் தொடக்கத்திலும், மணத்துக்கு மறு பங்கை அடுப்பை அணைக்கும் வேளையிலும் இடுவார்கள். இஞ்சிக்கும் இந்த அறிவு அப்படியே பொருந்துகிறது. பச்சை இஞ்சியின் உறைப்புக்கு முதன்மைக் காரணம் ஜிஞ்சரோல் என்னும் சேர்மம். கிழங்கு காயும்போது அதில் ஒரு பகுதி ஷோகோல் என்னும் மேலும் உறைப்பான சேர்மமாக மாறுவதனால்தான் சுக்கு பச்சை இஞ்சியைவிடக் கடுமையாக உறைக்கிறது. நெடுநேரம் வேகவைத்தால் இன்னொரு பகுதி மென்மையான, சற்று இனிய மணமுள்ள சிஞ்சரோனாக மாறும். தேசிக்காயை நினைவூட்டும் அந்தப் புத்தம்புதிய வாசனையோ ஆவியாகும் எண்ணெய்களிலிருந்து வருவது. மூடியில்லாத பாத்திரத்தில் கொதித்தால் அது சமையலறையில் மணக்குமே தவிரப் போத்தலில் மணக்காது.

சோதனைக்குக் கிழங்கைத் தெரிவு செய்வதில் மிகுந்த கவனம் வேண்டும். வகையைச் சோதிக்கிறோம் என்று எண்ணிக்கொண்டு முற்றலையும் பிஞ்சையும் ஒப்பிட்டுவிடுவதே இதில் அதிகம் நேரும் பிழை. நட்டு ஐந்து, ஆறு மாதத்தில் கிண்டிய இளம் இஞ்சி எந்த வகையானாலும் நார் குறைந்தும் உறைப்புக் குறைந்துமே இருக்கும். எட்டு முதல் பத்து மாதம் வரை நிலத்தில் இருந்து இலை மஞ்சளாகிக் காய்ந்த பின் கிண்டியதில்தான் வகையின் முழுக் குணமும் தெரியும். தோல் இறுகி, நகத்தால் சுரண்டினால் எளிதில் உரியாத கிழங்கை முற்றியது என்று கொள்ளலாம். சுருங்கியது, பூஞ்சணம் பிடித்தது, முளை நீண்டது ஆகியவற்றை இரண்டு பக்கத்திலும் விலக்க வேண்டும். பழைய இஞ்சி என்று நாம் ஒப்பீட்டுக்கு எடுப்பது நாம் நன்கு அறிந்த, வழமையாக வாங்கும் இஞ்சியாக இருக்கட்டும். இரண்டையும் ஒரே கிழமையில் வாங்குவது நல்லது.

அடுப்பைப் பற்றவைக்கும் முன்னர் செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்று உண்டு. இரண்டிலும் 50 கிராம் எடுத்து, தோல் நீக்கி, ஒரே தடிப்பில் மெல்லிய வில்லைகளாக அரிந்து, வன்னி வெயிலில் நிறை மேலும் குறையாத வரை காயவிட்டு நிறுக்கவும். பச்சை இஞ்சியின் நிறையில் ஐந்தில் நான்கு பங்கு அளவுக்குத் தண்ணீரே இருக்கும். காய்ந்த பின் ஒன்று 10 கிராமும் மற்றது 7 கிராமும் நின்றால், இரண்டாவது கிழங்கில் நாம் கூடுதலாகக் காசு கொடுத்து வாங்குவது தண்ணீர் என்பது விளங்கும். உறைப்பு எவ்வளவு என்பதை இது சொல்லாது. ஆனாலும் பின்னர் வரும் முடிவுகளை விளங்கிக்கொள்ள இது மிகவும் உதவும்.

தண்ணீரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் வன்னியில் இதுதான் சுவையை அதிகம் மாற்றுகிறது. இங்குள்ள கிணறுகள் பலவற்றின் நீர் வன்னீர் என்பதைக் கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் படிவே காட்டித் தரும். அத்தகைய நீரிலுள்ள இருகாபனேற்று தேசிக்காய்ப் புளியின் ஒரு பகுதியை முறித்துவிடுகிறது. பானம் மொந்தையாகவும் தட்டையாகவும் தோன்றும், இஞ்சியின் மணமும் எடுபடாது. ஒரு வீட்டுக் கிணற்று நீரில் செய்த பியரையும் இன்னொரு வீட்டுக் கிணற்று நீரில் செய்ததையும் ஒப்பிட்டு இஞ்சியைக் குறை சொல்வது பயனற்றது. வவுனியா மாவட்டத்திலும் அயலிலும் சுத்திகரிப்பு நிலையங்களில் விற்கப்படும் குடிநீரோ, சுத்தமாகப் பிடித்துக் கொதிக்க வைத்த மழைநீரோ சோதனைக்கு மிகவும் ஏற்றது. கிணற்று நீரையே பயன்படுத்துவதானால், முழுச் சோதனைக்கும் தேவையான அளவை ஒரே தடவையில் எடுத்து, பத்து நிமிடம் கொதிக்க வைத்து, ஆறவிட்டுத் தெளிந்ததை மட்டும் இறுத்துக்கொள்ளவும். வெள்ளத்துக்குப் பின் குளோரீன் இட்ட கிணறாயினும் கொதிக்க வைத்தலால் அந்த மணம் நீங்கிவிடும்.

இனிப்புக்கு வெள்ளைச் சீனியை மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பனங்கட்டி போட்ட இஞ்சி பியருக்கு ஈடு இணை இல்லை என்பதை நானும் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் பனங்கட்டிக்குத் தனக்கென்று வலுவான சுவை உண்டு. அது சுண்ணாம்பு இட்டு இறக்கிய கருப்பநீரைக் காய்ச்சிச் செய்யப்படுவதனால் புளிப்பின் அளவும் கட்டிக்குக் கட்டி மாறக்கூடும். வன்னிக் காட்டுத் தேனும் அவ்வாறே பூவுக்குப் பூ, பருவத்துக்குப் பருவம் மாறும். இவை இரண்டும் சோதனை முடிந்த பின் சேர வேண்டியவை. தேசிக்காயைப் பொறுத்தவரை, தேவையான அத்தனை காயையும் ஒரே கோப்பையில் பிழிந்து, விதை நீக்கி, கலந்து, அதிலிருந்து அளந்து எடுக்க வேண்டும். மருந்துக் கடையில் வாங்கும் ஊசியில்லாத சிரிஞ்ச் இதற்கு மிகவும் பொருத்தமான அளவுகருவி.

இனி முதற் கட்டம். இரண்டு இஞ்சியையும் கழுவி, தோல் சுரண்டி, ஒரே துருவலில் துருவி, ஒவ்வொன்றிலும் 5 கிராமை ஒவ்வொரு பேணியில் இட்டு, 200 மில்லிலீற்றர் கொதிநீர் ஊற்றி மூடி வைக்கவும். பத்து நிமிடம் கழித்துத் திறந்தவுடன் முதலில் முகர வேண்டும். பிறகுதான் குடிக்க வேண்டும். சீனியும் புளியும் இல்லாத இந்த வெறும் சாற்றில் கிழங்கின் குறைகள் மறையாமல் தெரியும்: மண் வாசனை, மரத்தூள் போன்ற வறட்சி, அடித்தொண்டையில் நிற்கும் கசப்பு ஆகியவற்றில் எதுவாவது இருந்தால் இங்கேயே பிடிபடும். கெட்ட மணம் வரும் கிழங்கை இதற்கு மேல் கொண்டுபோவது வீண்செலவு.

இரண்டாம் கட்டமே இந்த முறையின் நடுநாயகம். துருவிய இஞ்சி 100 கிராமை அரை லீற்றர் தண்ணீரில் இட்டு, மூடி போட்டு, மெல்லிய தீயில் 15 நிமிடம் வைத்து, ஆறிய பின் வெள்ளைத் துணியில் இறுகப் பிழிந்து வடிகட்டி, குறைந்த அளவுக்குக் கொதித்தாறிய நீர் சேர்த்து மறுபடி சரியாக 500 மில்லிலீற்றர் ஆக்கவும். இரண்டு வகைக்கும் இவ்வாறு தனித்தனியே சாறு எடுக்க வேண்டும். இன்னொரு பாத்திரத்தில் 200 கிராம் சீனியைக் கரைத்து மொத்தம் 500 மில்லிலீற்றர் பாகு ஆக்கிக்கொள்ளவும். இப்போது ஒரு பேணியில் 40 மில்லிலீற்றர் பாகு, 4 மில்லிலீற்றர் தேசிக்காய்ச் சாறு, 40 மில்லிலீற்றர் பழைய இஞ்சிச் சாறு ஆகியவற்றை விட்டு, மொத்தம் 200 மில்லிலீற்றர் வரும்படி தண்ணீர் சேர்த்தால், அது லீற்றருக்கு 40 கிராம் இஞ்சி கொண்ட பானமாகும். இதுவே நமது அளவுகோல். புதிய இஞ்சிச் சாற்றில் 20, 30, 40, 50, 60 மில்லிலீற்றர் எடுத்து, மற்றவற்றை மாற்றாமல், ஐந்து பேணிகள் தயாரிக்கவும். சோடா சேர்க்க வேண்டாம். வாயுவும் நாக்கைக் குத்துவதால் உறைப்பின் அளவு பிடிபடாமற் போகும்.

அளவுகோல் பேணியை ஒரு வாய் குடித்து, உறைப்பு ஏறி அடங்கும் வரை காத்திருந்து, பிறகு புதியதில் ஒன்றைக் குடிக்க வேண்டும். இஞ்சியின் உறைப்பு உடனே தெரிவதில்லை. விழுங்கிய பின்னரே தொண்டையில் மெல்ல ஏறும். அத்துடன் ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்ந்தும் கொள்ளும். ஆகவே இடையில் ஒரு துண்டுப் பாணோ ஒரு பிடி வெறுஞ்சோறோ தின்று, சில நிமிடம் விடுவது அவசியம். உறைப்பான கறியோடு மத்தியானச் சாப்பாடு முடித்த கையோடு இந்தச் சோதனையில் இறங்கக் கூடாது; காலை பத்து மணியளவு நல்ல நேரம். ஐந்தில் எது அளவுகோலின் உறைப்புக்குச் சமமாக இருக்கிறதோ அதுவே புதிய இஞ்சிக்குரிய அளவு. உதாரணமாக 60 மில்லிலீற்றர் பேணி சமமாக இருந்தால், புதிய இஞ்சி ஒன்றரை மடங்கு தேவைப்படுகிறது என்று பொருள். கணக்குப் பார்ப்பவர்களுக்கு இதிலேயே விலையின் விடையும் இருக்கிறது: கிலோ விலை பழையதன் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டால், அந்த இஞ்சி பார்வைக்கு மலிவாக இருந்தாலும் போத்தலில் மலிவன்று.

மூன்றாம் கட்டம் நொதிக்க வைத்தல். நொதிப்பைத் தொடங்குவதற்கு இஞ்சித் தோலில் இயல்பாக உள்ள நுண்ணுயிர்களை வளர்த்துப் பயன்படுத்தும் வழக்கம் உண்டு. இங்கிலாந்தில் புழங்கிய அத்தகைய பழைய நொதிப்பு உறையொன்றை ஹரி மார்ஷல் வார்ட் என்னும் தாவரவியலாளர் 1892ஆம் ஆண்டில் ஆராய்ந்து, அது மதுவமும் (யீஸ்ற்) பற்றீரியாவும் ஒன்றுகூடி வாழும் கூட்டம் என்று காட்டினார். அந்த உறை தரும் சுவை அருமையானதே. எனினும் ஒவ்வொரு கிழங்கும் தன்னுடைய நுண்ணுயிர்களையே கொண்டுவருவதால், அதை வைத்து வகைகளை ஒப்பிட முடியாது. பாண் செய்யப் பயன்படும் உலர்ந்த மதுவமே சோதனைக்கு உரியது. அரைத் தேக்கரண்டி மதுவத்தை, சிட்டிகை சீனி சேர்த்த 100 மில்லிலீற்றர் இளஞ்சூட்டு நீரில் பத்து நிமிடம் ஊறவிட்டு, நுரை வந்த பின் நன்றாகக் கலக்கி, போத்தல் ஒன்றுக்கு 25 மில்லிலீற்றர் வீதம் அளந்து எடுத்தால் இரண்டுக்கும் சமமாகச் சேரும். நுரை வராத மதுவத்தை எறிந்துவிட வேண்டும்.

லீற்றருக்கு 80 கிராம் சீனி, 20 மில்லிலீற்றர் தேசிக்காய்ச் சாறு, இரண்டாம் கட்டத்தில் கண்டறிந்த சம உறைப்பு அளவில் இஞ்சி (60 மில்லிலீற்றர் பேணி சமமானால் 60 கிராம்) ஆகியவை தேவை. இஞ்சியில் மூன்றில் இரண்டு பங்கை முக்கால் லீற்றர் தண்ணீரில் மூடி போட்டு 15 நிமிடம் கொதிக்க வைத்து, அடுப்பை அணைத்தவுடன் மீதி ஒரு பங்கையும் இட்டு, மூடியைத் திறக்காமல் 20 நிமிடம் விடவும். உறைப்பு முதற் பங்கிலிருந்தும் மணம் இரண்டாம் பங்கிலிருந்தும் வரும். வடிகட்டிச் சீனியைக் கரைத்து, கையால் தொட்டால் சூடு தெரியாத அளவுக்கு ஆறிய பின் தேசிக்காய்ச் சாற்றையும் மதுவக் கரைசலையும் சேர்த்து, கொதித்தாறிய நீரால் ஒரு லீற்றர் ஆக்கவும். சூட்டில் மதுவத்தை விட்டால் அது இறந்துவிடும். சோடா வந்த பிளாஸ்டிக் போத்தல்களை நன்றாகக் கழுவி, இரண்டு விரல் அகலத்துக்கு வெற்றிடம் விட்டு நிரப்பி, இறுக மூடி, வெயில் படாத ஒரே இடத்தில் பக்கத்தில் பக்கமாக வைக்க வேண்டும்.

கண்ணாடிப் போத்தலை இதற்கு எக்காரணத்தைக் கொண்டும் பயன்படுத்தக் கூடாது. அமுக்கம் கூடினால் அது வெடித்துக் கண்ணையும் கையையும் காயப்படுத்தும். பிளாஸ்டிக் போத்தலை விரலால் அழுத்தி உள்ளே எவ்வளவு வாயு சேர்ந்திருக்கிறது என்று அறியலாம். கடையில் வாங்கிய திறக்காத சோடாப் போத்தல் ஒன்றைப் பக்கத்தில் வைத்து அதன் இறுக்கத்தோடு ஒப்பிடுவது இன்னும் நல்லது. சோளகக் காற்று வீசும் கோடையில், அறைச்சூடு 30 பாகை செல்சியஸைத் தாண்டும் இந்த மண்ணில், நொதிப்பு விரைவாக நடக்கும். எட்டு மணித்தியாலத்தில் தொடங்கி ஓரிரு மணிக்கு ஒரு தடவை அழுத்திப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் ஒரு நாளுக்குள் இறுகிவிடும். மாரி காலத்தில் சற்றுத் தாமதிக்கும். ஒரு போத்தல் முன்னதாக இறுகினால் அதை முதலில் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, மற்றது அதே இறுக்கத்துக்கு வரும் வரை காத்திருந்து அதையும் வைக்கவும். வாயு உண்டாவது சீனி செலவாவதால்தான். ஆகவே இறுக்கம் சமமாக இருந்தால் எஞ்சியிருக்கும் இனிப்பும் ஏறத்தாழச் சமமாக இருக்கும். நேரத்தை வைத்து ஒரே வேளையில் எடுப்பதைவிட இது சரியான வழி.

குளிர் நொதிப்பை மெதுவாக்குமே தவிர நிறுத்தாது. மின்சாரம் நீண்ட நேரம் துண்டிக்கப்பட்டால் மூடியை மெல்லத் திருகி வாயுவை வெளியேற்ற வேண்டும். ஒரு கிழமைக்குள் குடித்து முடிப்பது நல்லது. சீனி நொதித்து வாயு உண்டாகும்போது, ஏறத்தாழ அந்த வாயுவின் நிறையளவுக்கு மதுசாரமும் உண்டாகும். மேலே சொன்ன குறுகிய கால அளவில் அது நூற்றுக்கு ஒரு பங்கு அளவிலேயே நிற்கும் என்றாலும் முற்றாக இல்லாமற் போகாது. சிறுவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மதுசாரத்தைத் தவிர்ப்பவர்களுக்கும் இரண்டாம் கட்டத்துச் சாற்றையும் பாகையும் சோடாவில் கலந்து கொடுப்பதே முறை. அனுமதிப்பத்திரமின்றி மதுபானம் தயாரிப்பதை 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் தடை செய்கிறது என்பதையும் மனத்திற் கொண்டு, நொதிப்பை நாட்கணக்கில் நீட்டும் எண்ணத்தை விட்டுவிட வேண்டும்.

சுவைத்துத் தீர்ப்பளிக்கும் வேலையைத் தயாரித்தவரே செய்வது போதாது. எந்தப் போத்தலில் எது இருக்கிறது என்று தெரிந்தவரின் நாக்கு நடுநிலையானதன்று. வீட்டுப் பெரியவர்களும் அயலவர்களுமாக ஆறு பேரை அழைத்து, ஒவ்வொருவருக்கும் நிறம் தெரியாத ஒரே மாதிரியான சில்வர் பேணிகளில் மூன்று கொடுக்கவும். இரண்டில் ஒரே பானம், ஒன்றில் மற்றது. வரிசையை ஆளுக்கு ஆள் மாற்ற வேண்டும். எது வேறானது என்று மட்டும் கேட்க வேண்டும். எது நல்லது என்று முதலில் கேட்கக் கூடாது. குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றில் ஒருவர் சரியாகச் சொல்லிவிடுவார் என்பதால், ஆறில் இருவரோ மூவரோ கண்டுபிடித்தால் அதற்குப் பொருள் இல்லை. நால்வர் கண்டுபிடித்தாலும் ஐயம் நீங்காது. ஐவர் சரியாகச் சொன்னால், அது தற்செயலாக நேர நூற்றுக்கு இரண்டுக்கும் குறைந்த வாய்ப்பே உள்ளதால், வேறுபாடு உண்மையானது என்று கொள்ளலாம். அதன் பிறகுதான் எது பிடித்தது, ஏன் பிடித்தது என்று கேட்டு, அவர்கள் சொல்லும் சொற்களை அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும். பனிக்கட்டிக் குளிரில் மணம் அடங்கிவிடுவதால், குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்துச் சிறிது நேரம் வெளியில் வைத்துப் பரிமாறவும்.

வேறுபாடே இல்லை என்று முடிவு வந்தாலும் அது பயனுள்ள முடிவு; அப்போது விலை குறைந்ததை வாங்கலாம். வேறுபாடு உண்டு, புதியது பிடித்திருக்கிறது என்றால், அடுத்த தடவை சீனியில் பாதியைப் பனங்கட்டியாக மாற்றி, மற்றவற்றை அப்படியே வைத்துச் செய்து பார்க்கலாம். மென்மையான மணமுள்ள இஞ்சியைப் பனங்கட்டி மூடிவிடும். கடுமையான உள்ளூர் இஞ்சியோ அதனோடு நன்றாக இணங்கி நிற்கும் என்பது என் மதிப்பீடு. உறைப்புக்கு ஒரு வகை, மணத்துக்கு இன்னொரு வகை என்று இரண்டையும் கலப்பதும் நல்ல வழி: உறைப்பானதைக் கொதிக்கும்போதும் மணமானதை அடுப்பை அணைக்கும்போதும் இட வேண்டும்.

பிடித்த வகையை அடுத்த ஆண்டும் அதே மூட்டையில் எதிர்பார்க்க முடியாதாகையால், நல்ல முளைக்கண் உள்ள கிழங்கு சிலவற்றைச் சமைக்காமல் ஒதுக்கி, நிழலான இடத்தில் உலர்ந்த மணலில் வைத்துக் காப்பது நன்று. இரண்டு மூன்று முளைக்கண் உள்ள துண்டுகளாக உடைத்து, வெட்டுவாய் உலர்ந்த பின், வாழைக்கோ தென்னைக்கோ கீழே, தண்ணீர் தேங்காத மேட்டுப் பாத்தியில் நடலாம். சாணெரு நிறைய வேண்டும். வன்னியின் நேர் வெயிலையும் சோளகத்தின் வறட்சியையும் இஞ்சி தாங்காது என்பதால் காய்ந்த இலைகுழையால் பாத்தியைத் தடிப்பாக மூடி, மழை இல்லாத நாட்களில் தவறாமல் நீர் ஊற்ற வேண்டும். மாரியில் நீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும். வாய்க்கால் வெட்டி வடியவிடவும். ஒவ்வொரு பாத்தியிலும் வகையின் பெயரையும், வாங்கிய இடத்தையும், நட்ட திகதியையும் எழுதிய பலகைத் துண்டு ஒன்றை நட்டுவைத்தால், கிண்டும்போது கிழங்கின் வயதையும் சரியாகக் கணக்கிட்டு அடுத்த சோதனைக்கு எடுக்கலாம்.